வலிமையும் அதன் செலவும்: அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களின் உறவுவழிப் பராமரிப்பு குறித்த எழுத்துகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பெற்றோரால் வளர்க்க இயலாத குழந்தைகளைப் பாட்டி, அத்தை, மூத்த உடன்பிறப்பு முதலிய உறவினர் ஏற்று வளர்ப்பதே உறவுவழிப் பராமரிப்பு ஆகும். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் இவ்வழக்கத்தை 1970களின் சமூகவியலாளர் சிலர் 'குடும்ப வலிமை' என்னும் கருத்தாக்கத்தின்வழி விளக்கினர். கறுப்பினக் குடும்பம் சிதைந்துபோன ஒன்று என்ற மதிப்பீட்டை அக்கருத்தாக்கம் வலுவாக எதிர்கொண்டது. ஆயினும், வலிமையைக் குடும்பத்தின் பண்பாகக் கண்ட அப்பார்வை, அவ்வலிமைக்கான செலவை ஏற்பவர் யார் என்னும் வினாவைப் பின்னுக்குத் தள்ளியது. ராபர்ட் ஹில், கேரல் ஸ்டாக் ஆகியோரின் ஆய்வுகள், மாயா ஏஞ்சலோவின் தன்வரலாறு, நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றைத் துணையாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உறவுவழிப் பராமரிப்பு, குடும்ப வலிமை, கறுப்பினக் குடும்பம், கேரல் ஸ்டாக், மாயா ஏஞ்சலோ, குழந்தை நலச் சட்டம்

முன்னுரை

1965 மார்ச்சில் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் உயர் அலுவலராக இருந்த டேனியல் பாட்ரிக் மொய்னிஹான், கறுப்பினக் குடும்பம் குறித்து ஓர் அறிக்கையை எழுதினார். அடிமைமுறையும் வேலையின்மையும் கறுப்பின மக்களின் நிலைக்குக் காரணங்கள் என்பதை அவர் மறுக்கவில்லை. எனினும், தாய் தலைமையிலான குடும்ப அமைப்பையே அவர் சிக்கலின் மையமாக நிறுத்தினார். அதனை விளக்க நோய் சார்ந்த சொற்களைக் கையாண்டார். இவ்வறிக்கையின் அடிப்படைக் குறை அதன் அலகிலேயே இருந்தது. ஒரே கூரையின்கீழ் வாழ்வோரைக் குடும்பமாகக் கொள்ளும் புள்ளிவிவர முறையில், அடுத்த தெருவில் வாழ்ந்துகொண்டு நாள்தோறும் பேரனுக்குச் சோறிடும் பாட்டிக்கு இடமில்லை. தந்தை இல்லாத வீடு என ஒரு வீட்டைக் கணக்கிட்ட அம்முறை, அவ்வீட்டோடு பிணைந்திருந்த மற்ற மூன்று வீடுகளைக் காணவில்லை.

கறுப்பின ஆய்வுலகம் பாட்டியை அதற்கு முன்பே அறிந்திருந்தது. ஈ. ஃபிராங்க்ளின் ஃபிரேசியர் 1939இல் வெளியிட்ட நூலில், தலைமுறைகளைக் காத்து நின்றவராகப் பாட்டியைக் காட்டித் தனி இயலே எழுதியுள்ளார். மொய்னிஹான் தம் வாதத்திற்குப் பெரிதும் சார்ந்திருந்த அறிஞர்களுள் ஃபிரேசியரும் ஒருவர் என்பது இவ்விடத்து நோக்கத்தக்கது. தாய்வழித் தலைமை பற்றிய பகுதிகளை எடுத்துக்கொண்ட அறிக்கை, பாட்டியை எடுத்துக்கொள்ளவில்லை.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. ஆங்கிலத்தின் 'ஆன்ட்' தமிழில் அத்தை, பெரியம்மா, சித்தி, மாமி எனப் பிரியும். மூலநூல்கள் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் தெரிவிப்பதில்லை. ஆதலின், தெளிவில்லாத இடங்களில் 'அத்தை' என்பதே இக்கட்டுரையில் பொதுச்சொல்லாக ஆளப்படுகிறது. 'வலிமை' என்ற சொல்லையும் 'தியாகம்' எனப் பெயர்த்துவிடும் இடர் தமிழில் உண்டு. அப்பெயர்ப்பு, ஆய்வு தொடங்கும் முன்பே அதன் முடிவைச் சொல்லிவிடும் என்பதால் இங்குத் தவிர்க்கப்படுகிறது.

உரிமை மறுக்கப்பட்ட உறவு

கறுப்பின உறவுவழிப் பராமரிப்பை ஆப்பிரிக்க மரபின் தொடர்ச்சியாகக் காண்பாரும், அடிமைமுறையின் கொடுமைக்கு எதிர்வினையாகக் காண்பாரும் உளர். நியாரா சுதர்காசா முதல் நோக்கினை வலியுறுத்தியவர். ஹெர்பர்ட் கட்மன் 1976இல் வெளியிட்ட பெருநூல், அடிமைப்பட்ட மக்கள் தம் குழந்தைகளுக்கு உறவினர் பெயர்களை இட்டதையும், குருதியுறவு இல்லாத மூத்தோரை உறவுமுறை சொல்லி அழைக்கக் குழந்தைகளைப் பழக்கியதையும் தோட்டப் பதிவேடுகள் முதலிய சான்றுகளைக் கொண்டு காட்டுகிறது. பெற்றோர் எந்நாளிலும் விற்கப்படலாம் என்ற சூழலில் இவ்வழைப்பு ஒரு முன்னேற்பாடாகவும் இருந்தது.

இவ்விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு நிகழ்வு மேரிலாந்து மாநிலத்தைச் சார்ந்தது. அங்கு 1864 நவம்பர் 1 அன்று அடிமைமுறை ஒழிந்தது. அடுத்த சில வாரங்களிலேயே முன்னாள் உரிமையாளர்கள் ஆயிரக்கணக்கான கறுப்பினக் குழந்தைகளை 'தொழில் பயிலுநர்' என்ற பெயரில் நீதிமன்ற ஆணைகள் பெற்றுத் தம்மிடம் பிணைத்துக்கொண்டனர். இக்குழந்தைகளைப் பேண அவர்தம் குடும்பத்தாரால் இயலாது என்பதே சொல்லப்பட்ட காரணம். பெற்றோரும் பாட்டிமாரும் பிற உறவினரும் விடுதலை பெற்றோருக்கான கூட்டாட்சி அலுவலகத்தில் முறையிட்டனர். 1867இல் எலிசபெத் டர்னர் என்னும் இளம்பெண்ணின் வழக்கில், தலைமை நீதிபதி சாமன் சேஸ் இத்தகைய பிணைப்பு சட்டத்திற்கு முரணானது எனத் தீர்ப்பளித்தார். குழந்தையை வளர்க்கும் மனம் உறவினரிடம் இருந்தது. வளர்ப்பதற்கு வேண்டிய பொருள் அவர்களிடம் இல்லை எனக் காட்டியே உரிமை பறிக்கப்பட்டது. பிற்கால வழக்குகளிலும் இவ்வமைப்பு வேறு வடிவங்களில் தலைகாட்டுவதைக் காணலாம்.

ஹில்லின் ஐந்து வலிமைகள்

தேசிய நகர்ப்புறக் கழகத்தின் ஆய்வுப் பிரிவில் பணியாற்றிய ராபர்ட் ஹில் 1972இல் வெளியிட்ட சிறுநூல், கறுப்பினக் குடும்பங்களின் வலிமைகளாக ஐந்தினைச் சுட்டியது: உறவுப் பிணைப்பு, உழைப்பு நாட்டம், குடும்பப் பொறுப்புகளை மாற்றி ஏற்கும் இயல்பு, முன்னேற்ற வேட்கை, சமயப் பற்று. மொய்னிஹான் பயன்படுத்திய அதே வகையான அரசுப் புள்ளிவிவரங்களைக் கொண்டே ஹில் எதிர்முடிவுக்கு வந்தது அந்நூலின் தனிச்சிறப்பு. ஆண்ட்ரூ பில்லிங்ஸ்லி 1968இல் தொடங்கிவைத்த மறுமதிப்பீட்டை இந்நூல் பொதுவெளிக்குக் கொண்டுசென்றது. 1977இல் ஹில் எழுதிய மற்றொரு நூல், சட்டப் பதிவின்றி உறவினர் வீடுகளில் வளரும் கறுப்பினக் குழந்தைகளைப் பற்றியது. தத்தெடுப்பு முகமைகள் கணக்கில் கொள்ளாத பெருவழக்கு ஒன்றை ஆவணப்படுத்திய வகையில் அதுவும் முன்னோடி முயற்சியே.

ஆயினும், ஐந்து வலிமைகளும் பெயர்ச்சொற்களாகவே நிற்கின்றன. உறவுப் பிணைப்பு என்பது குடும்பத்திடம் 'உள்ள' ஒன்று. அதை நாள்தோறும் செய்பவர் யார், எவ்வளவு நேரம், எந்தப் பணத்தில் என்னும் வினாக்கள் பட்டியலுக்குள் நுழைய வழியில்லை. அக்காலச் சூழலில் இது புரிந்துகொள்ளக்கூடியதே. குறைகளின் பட்டியலை எதிர்கொள்ள நிறைகளின் பட்டியலே உடனடிக் கருவியாக இருந்தது. ஆனால், பட்டியலுக்குப் பட்டியல் என்ற விடையில் எதிர்த்தரப்பின் இலக்கண அமைப்பு அப்படியே தங்கிவிடுகிறது: குடும்பம் எழுவாய், பண்பு பயனிலை. சுற்றியுள்ள நிறுவனங்களுக்கு அத்தொடரில் இடமில்லை.

அதே 1972இல் பில்லிங்ஸ்லியும் ஜீன் ஜியோவனோனியும் இணைந்து எழுதிய 'புயலின் குழந்தைகள்' இக்குறையை நிறைவு செய்கிறது. அமெரிக்கக் குழந்தை நல நிறுவனங்கள் கறுப்பினக் குழந்தைகளை நெடுங்காலம் புறக்கணித்தே வந்தன என்பதை இந்நூல் வரலாற்று முறையில் நிறுவுகிறது. அனாதை இல்லங்கள் பல வெள்ளையருக்கு மட்டுமே உரியனவாக இருந்தன. இதனை ஹில்லின் நூலோடு இணைத்துப் படிக்கும்போது, உறவினர் ஏற்றுக்கொண்டமைக்கு அன்பும் மரபும் மட்டுமே காரணமல்ல, வேறு கதவு திறக்கப்படாமையும் ஒரு காரணம் என்பது புலனாகும். கழக வெளியீடு என்பதால் ஹில்லின் நூல் மேற்கோளுக்கு எளிதாக அமைந்தது. நல நிறுவனங்களின் மீதான கடுமையான குற்றச்சாட்டைக் கொண்ட இரண்டாம் நூலுக்கு அவ்வளவு பரவல் கிட்டவில்லை.

ஆயிரத்து ஐந்நூறு டாலர்

வலிமை என்பதைச் செயலாகவும் கொடுக்கல் வாங்கலாகவும் காட்டிய நூல் கேரல் ஸ்டாக்கின் 'நம் உறவினர் அனைவரும்' (1974). 1960களின் இறுதியில் அமெரிக்க நடுமேற்குப் பகுதியின் நகர் ஒன்றில், 'ஃபிளாட்ஸ்' என அவர் பெயரிட்ட ஏழைக் கறுப்பினக் குடியிருப்பில் வாழ்ந்து செய்த களஆய்வு அது. உடை, அறைகலன், உணவு, வாடகைப் பணம், குழந்தைகள் என அனைத்தும் அங்கு வீடுவிட்டு வீடு நகர்கின்றன. இன்று கொடுப்பவர் நாளை பெறுவார். குழந்தையை வைத்துக்கொள்வதும் இச்சுழற்சியின் ஒரு பகுதியே. யார் குழந்தையைப் பேணுகிறாரோ அவருக்கு அக்குழந்தையின்மீது உரிமை ஏற்படுகிறது. பேணாத தந்தையின் சுற்றத்தார் அவ்வுரிமையை இழக்கின்றனர்.

அந்நூலின் ஒரு நிகழ்ச்சி இக்கட்டுரைக்கு முதன்மையானது. மிசிசிப்பியில் முதிய மாமா ஒருவர் இறந்ததால் ஓர் இணையருக்கு 1,500 டாலர் மரபுரிமையாகக் கிடைக்கிறது. வாழ்வில் முதன்முறையாகக் கையில் சேர்ந்த தொகை. வீடு வாங்க முன்பணமாகக் கட்டலாம் என்பது அவர்களின் எண்ணம். பணம் வந்த செய்தி பரவியதும் சுற்றத்தில் ஒருவருக்கு வாடகை, இன்னொருவருக்கு இறுதிச்சடங்கிற்குச் செல்லும் பயணச்செலவு எனத் தேவைகள் வருகின்றன. சில வாரங்களில் பணம் கரைந்துவிடுகிறது.

இந்நிகழ்ச்சியைப் பகிர்வின் மேன்மைக்கும் பகிர்வின் தளைக்கும் சான்றாகக் காட்டுவது எளிது. இருதரப்பு வாசிப்பும் ஒரு செய்தியைக் கடந்துசென்றுவிடுகிறது. பணம் வந்ததை அறிந்த நலத்துறை அலுவலகம், அவ்வீட்டுக் குழந்தைகளுக்குரிய உதவித்தொகையை உடனே நிறுத்தியது. அதாவது, சுற்றத்தார் கேட்கத் தொடங்கிய அதே வேளையில் அரசும் அத்தொகையைத் தன் செலவுக்கு ஈடாகக் கணக்கிட்டுக்கொண்டது. அவ்வீட்டுக்கு வந்த உறவினரை நெடுநாள் பழகியோர் அறிவர்; அவர்கள் வாங்கியதை ஒருநாள் திருப்பித் தருவர். நலத்துறைக்கு அத்தகைய கடப்பாடு ஏதுமில்லை. ஸ்டாக் இதனைத் தெளிவாகவே பதிவு செய்துள்ளார். அவரை மேற்கோள் காட்டுவோர் பலர் சுழற்சியைப் பேசுமளவுக்கு இதனைப் பேசுவதில்லை.

இரண்டு பாட்டிகள்

சமூகவியல் நூல்கள் எழுப்பித் தீர்க்காமல் விட்ட சிக்கலை மாயா ஏஞ்சலோவின் முதல் தன்வரலாற்று நூலான 'கூண்டுப் பறவை ஏன் பாடுகிறது என நான் அறிவேன்' (1969) வேறொரு தளத்தில் முன்வைக்கிறது. பெற்றோர் பிரிந்ததும், மூன்று வயது மாயாவும் நான்கு வயது அண்ணன் பெய்லியும் மணிக்கட்டில் முகவரிச் சீட்டு கட்டப்பட்டுக் கலிஃபோர்னியாவிலிருந்து ஆர்கன்சாவின் ஸ்டாம்ப்ஸ் என்னும் சிற்றூருக்கு இரயிலில் அனுப்பப்படுகின்றனர். அங்குத் தந்தையின் தாய் ஆனி ஹெண்டர்சன் அவர்களை ஏற்கிறார். குழந்தைகள் அவரை அழைப்பது 'அம்மா' என்றே.

இந்நூலை உறவுவழிப் பராமரிப்பின் புகழ்ப்பாடலாகப் படிப்போர் காணத் தவறுவது, அப்பாட்டிக்குச் சொந்தமாக ஒரு கடை இருந்தது என்பதை. ஊரின் கறுப்பின மக்களுக்கு அது பலசரக்குக் கடை, கூடுமிடம், வாழ்வின் நடுவிடம். பொருளாதாரப் பெருமந்தம் முற்றியபோது, வாடிக்கையாளர் அரசு நிவாரணமாகப் பெற்ற பால்மாவையும் முட்டைப்பொடியையும் சரக்குக்கு மாற்றாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைப் பாட்டி செய்கிறார். கடை மூடப்படவில்லை, ஆனால், கடைக்காரரின் பேரக்குழந்தைகளும் முட்டைப்பொடியையே உண்ண நேர்ந்தது. சமயப் பற்று, உழைப்பு, உறவுப் பிணைப்பு என ஹில்லின் பட்டியல் முழுவதற்கும் இப்பாத்திரத்தில் சான்று காட்டலாம். ஆனால், அவை நிற்பதற்கு ஒரு கட்டடமும் ஒரு கணக்குப் புத்தகமும் இருந்தன.

பல் வலி நிகழ்ச்சியில் இது கூர்மை பெறுகிறது. தாங்கமுடியாத பல் வலியில் துடிக்கும் மாயாவைப் பாட்டி ஊரின் வெள்ளைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறார். பெருமந்தக் காலத்தில் அம்மருத்துவருக்குக் கடன் கொடுத்து உதவியவர் அவர். மருத்துவரோ கறுப்பினத்தவரின் வாயில் கைவைக்க மறுத்து இழிசொல் கூறுகிறார். பேத்தியை வெளியே நிறுத்திவிட்டுப் பாட்டி உள்ளே செல்கிறார். வெளியே நிற்கும் சிறுமியின் கற்பனையில் பாட்டி பேருருக் கொள்கிறார். அவர் பேச்சுக்கு மருத்துவர் நடுங்கி, ஊரைவிட்டே போக ஒப்புக்கொள்கிறார். பிறகு பேருந்தேறி டெக்சார்கானா நகரின் கறுப்பின மருத்துவரிடம் சென்று சிகிச்சை பெற்றுத் திரும்புகின்றனர். உள்ளே நடந்தது என்ன என்பதைப் பாட்டி தம் மகனிடம் சொல்வதை மாயா கேட்கிறாள்: ஏற்கெனவே அடைக்கப்பட்ட கடனுக்கு வட்டியாகப் பத்து டாலரை அவர் கேட்டு வாங்கியிருக்கிறார். பயணச் செலவும் சிகிச்சைச் செலவும் அதில் அடக்கம். முன்பு பேசாத வட்டியைப் பின்னர் கேட்டது சரியன்று என்பதும் அவருக்குத் தெரியும். சிறுமிக்குத் தன் கற்பனையே பிடித்திருக்கிறது.

ஏஞ்சலோ இவ்விரு வடிவங்களையும் அடுத்தடுத்து வைக்கிறார். ஒன்றை அழித்து மற்றொன்றை நிறுவவில்லை. அவமதிக்கப்பட்ட குழந்தைக்கு முதல் பாட்டி தேவைப்படுகிறார். அவமதிக்கப்பட்ட மக்களுக்கும் 1972இல் அவர் தேவைப்பட்டார். ஹில்லின் நூலுக்குக் கிடைத்த வரவேற்பை இவ்வகையில் விளங்கிக்கொள்ளலாம். ஆனால், பல் வலியைத் தீர்த்தது இரண்டாம் பாட்டியின் பத்து டாலர். அதைப் பெற அவர் தம் நேர்மை குறித்த சொந்த அளவுகோலைச் சற்றே தளர்த்த வேண்டியிருந்தது. வலிமை ஆய்வுகளில் இந்தத் தளர்வுக்கு இதுவரை பெயரில்லை.

உறவினர் வீடுகள் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் நூல் மறைக்கவில்லை. செயிண்ட் லூயிசில் தாயின் பராமரிப்பில் இருந்தபோதுதான் எட்டு வயது மாயா தாயின் துணைவனால் வன்கொடுமைக்கு ஆளாகிறாள். அதன்பின் அவள் மீண்டும் சென்றடைவது ஸ்டாம்ப்ஸ் கடையை.

யாருடைய நல்வாழ்வு

அண்மைக்கால நல்வாழ்வு ஆய்வுகள் பெரும்பாலும் குழந்தையை அளவிடுகின்றன. மார்க் வினோகூர் முதலியோர் 2014இல் வெளியிட்ட முறைசார் மீளாய்வு, அந்நியர் வளர்ப்பில் உள்ள குழந்தைகளைவிட உறவினரிடம் வளரும் குழந்தைகளின் நடத்தை, மனநலம், இருப்பிட நிலைத்தன்மை ஆகியன மேம்பட்டிருப்பதைக் காட்டுகிறது. உளநல உதவிச் சேவைகளை இக்குழந்தைகள் குறைவாகவே பெறுகின்றனர் என்பதும் அதே மீளாய்வின் முடிவு. முதல் முடிவு கொள்கை ஆவணங்களில் முந்தி நிற்கும் அளவுக்கு இரண்டாவது நிற்பதில்லை.

வளர்ப்பவரைப் பற்றிய ஆய்வுகளில் மெரிடித் மிங்க்லரும் கேத்லீன் ரோவும் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் நடத்திய ஆய்வு (1993) இன்றும் பயில்வதற்குரியது. கிராக் கொக்கெய்ன் பரவிய காலத்தில் பேரக்குழந்தைகளை ஏற்ற 71 கறுப்பினப் பெண்களிடம் அவர்கள் உரையாடினர். அப்பெண்கள் தம் உடல்நலக் குறைகளைச் சிறிதாக்கியே கூறினர் என்பது அவ்வாய்வின் நுட்பமான அவதானிப்பு. நோயாளி எனத் தெரிந்தால் குழந்தைகளை அரசு எடுத்துச்சென்றுவிடும் என்ற அச்சம் உள்ள ஒருவர் வினாநிரலுக்கு எவ்வாறு விடையளிப்பார் என்பதை ஆய்வுமுறையியல் கணக்கில் கொள்ளவேண்டும். 'எனக்கொன்றும் இல்லை' என்ற விடையை மீள்திறனாகப் பதிவு செய்யும் அளவுகோல், அச்சத்தையே வலிமையாக எண்ணிவிடக்கூடும். வலிமையானவராகத் தோன்றவேண்டிய கட்டாயம் கறுப்பினப் பெண்களின் உடலைப் பாதிக்கும் விதத்தை செரில் வுட்ஸ்-கிஸ்கோம்பே 2010இல் தனிக் கருத்துச்சட்டமாகவே வகுத்தார். உறவுவழிப் பராமரிப்பு ஆய்வுகள் அச்சட்டத்தை இன்னும் போதிய அளவு உள்வாங்கவில்லை.

எல்லாப் பாட்டிமாரும் ஏற்றுக்கொள்வதில்லை என்பதும் சுட்டத்தக்கது. லிண்டா பர்ட்டனும் வெர்ன் பெங்ட்சனும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், இளவயதிலேயே பாட்டியான பெண்கள் பலர் அப்பொறுப்பை மறுத்தனர். குழந்தை வளர்ப்பு கொள்ளுப்பாட்டியின் தலையில் விழுந்தது. வலிமை என்னும் சொல்லுக்குள் இம்மறுப்பை எங்கே வைப்பது?

சட்டம் கண்ட உறவினர்

இல்லினாய் மாநிலம் வளர்ப்புப் பெற்றோருக்கு வழங்கும் தொகையை உறவினருக்கு மறுத்து, குறைந்த நலத்தொகையை மட்டுமே அளித்துவந்தது. தம்பி தங்கையரை ஏற்று வளர்த்த மூத்த சகோதரி ஒருவரின் வழக்கில், 1979இல் உச்ச நீதிமன்றம் இது கூட்டாட்சிச் சட்டத்திற்கு முரண் எனக் கூறியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி தர்குட் மார்ஷல். ஆனால், கூட்டாட்சி நிதிக்குத் தகுதியுடைய குழந்தைகளுக்கே அத்தீர்ப்பு பொருந்தியது. 1992இல் ஓரிகன் மாநிலம் தொடர்பான வழக்கில், மற்றக் குழந்தைகளின் உறவினருக்கு மாநில நிதியை மறுக்கலாம் என ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. வரம்புக்குட்பட்ட நிதியை உறவினர் இல்லாத குழந்தைகளுக்கு ஒதுக்குவது ஏற்புடைய காரணமாக அங்குக் கொள்ளப்பட்டது. இக்காரணத்தின் அடியில் ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது: உறவினர் எப்படியும் வளர்ப்பர். ஹில் பெருமையோடு சுட்டிய பண்பு இங்குச் சிக்கனத்திற்கான ஏதுவாகிவிடுகிறது. இதற்கு ஹில் பொறுப்பல்லர். எனினும், செலவைப் பேசாத கருத்தாக்கம் இத்தகைய பயன்பாட்டைத் தடுக்கவும் இயலாது.

டோரதி ராபர்ட்ஸ் 2001இல் எழுதிய கட்டுரை இதன் மறுபக்கத்தைக் காட்டியது. போதிய தொகை வேண்டுமெனில் குழந்தை அரசின் காவலுக்குள் வரவேண்டும். காவலுக்குள் வந்தால் குடும்பம் கண்காணிப்புக்கு உட்படும். ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் உதவிக்கு விலையாகத் தம் உரிமையைக் கொடுக்கின்றன என்பது அவர் வாதம். ஸ்டாக்கின் 1,500 டாலர் நிகழ்ச்சியை அறிந்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

உரிமம் பற்றிய விதிகளும் இவ்வகையினவே. 2000ஆம் ஆண்டின் கூட்டாட்சி விதி, உறவினர் வீடுகளும் அந்நியர் வீடுகளுக்குரிய அதே உரிமத் தகுதிகளைப் பெறவேண்டும் என்றது. பேரனை நள்ளிரவில் ஏற்றுக்கொண்ட பாட்டியின் சிறு குடியிருப்பு, முன்கூட்டியே திட்டமிட்டு விண்ணப்பித்த வீட்டோடு ஒரே அளவுகோலில் நிறுத்தப்பட்டது. 2008இன் சட்டம் உறவினருக்கு முப்பது நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வகைசெய்தது. 2023இல்தான் உறவினருக்கெனத் தனி உரிமத் தரங்களை வகுக்க அனுமதியும், அவ்வாறு உரிமம் பெற்றோருக்குச் சமமான தொகையும் விதியாயின.

அவ்விதி வளர்ப்பு முறைமைக்குள் வந்த வீடுகளைச் சார்ந்தது. ஜோஷ் குப்தா-ககான் 2020இல் 'மறைந்த வளர்ப்புப் பராமரிப்பு' எனக் குறித்தவை அதற்கு வெளியே உள்ளன. நீதிமன்றம் செல்லாமல், குழந்தையை எடுத்துச்செல்வோம் என்ற எச்சரிக்கையின்கீழ் பெற்றோரைக் கொண்டே உறவினர் வீட்டிற்கு அனுப்பச் செய்யும் ஏற்பாடு அது. அவ்வீடுகளில் உரிமமும் இல்லை, தொகையும் இல்லை, பெற்றோருக்கு வழக்கறிஞரும் இல்லை. அரசுப் பதிவில் அவை, குடும்பம் தானே முடிவெடுத்து உறவினரிடம் ஒப்படைத்த வீடுகள். உறவுவழிப் பராமரிப்பின் வலிமையை அளக்க முனையும் ஆய்வாளர், இத்தகைய வீட்டைத் தம் தரவில் எந்தப் பத்தியில் சேர்ப்பார் என்பதை முதலில் முடிவுசெய்தாக வேண்டும்.